உசேன் குடும்பத்தார் விரும்பிக் கேட்ட பாட்டு

போன வருடம் ஆடி மாதம் இரண்டாம் புதன்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு உத்தமபாளையம் உசேன் டீக்கடையில் இருந்தவர்கள்: பாய்லர் பக்கம் உசேன், வாசல் பெஞ்சில் திராட்சை லோடு ஏற்றிவிட்டு வந்த நாகராஜ், ரேடியோவுக்குக் கீழே முக்காலியில், மண்டியில் எடைச்சீட்டு எழுதும் செல்லப்பாண்டி, உள்வாசலில் பஜ்ஜிச் சட்டிக்கு முன்னால் உசேனின் மனைவி ரெஹானா, கொல்லையில் இரண்டு ஆடு, ஒரு கோழி. நேயர் விருப்பத்தில் பெயர்களை வாசித்துப் பாட்டைப் போட்டதும், பல்லவி முடியுமுன் ரெஹானாவைத் தவிர அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். ஆடுகள் நின்றபடி தூங்கின. உசேன் ஆற்றிக்கொண்டிருந்த டீ, மேல் கிளாசுக்கும் கீழ் கிளாசுக்கும் நடுவில், அவர் விழிக்கும்வரை அப்படியே நின்றது.

இதில் யாரும் அதிசயப்படவில்லை. நாலு வருடமாகச் செல்லப்பாண்டி ரேடியோ நிலையத்துக்கு எழுதும் கடிதங்கள் செய்துவந்த வேலைதான் அது. தூங்கச் சொல்லி அழுகிற சினிமாப் பாட்டாகப் பார்த்து எடுத்து, நாலு விரற்கடை ஓரம் விட்டு, வரிசை எண் போட்டு எழுதுவார். தனக்குத் தூக்கம் வராதவன் அடுத்தவனைத் தூங்கச் சொல்லிப் பாடுகிற பாட்டுக்கு ஒரு தனிப் பலம் உண்டு என்பதை இந்தப் பள்ளத்தாக்கில் முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். கடிதத்தில் பெயர் இருப்பவர்கள் கால்மணி நேரம் தூங்குவார்கள். விழிக்கும்போது மனக்கனம் தண்ணீராகக் கால்மாட்டில் கிடக்கும். துடைப்பத்தால் தள்ளிவிட்டுப் பிழைப்பைப் பார்ப்பார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த வருத்தம் நாகராஜுக்கு இரண்டு வாளி தேறியது.

ரெஹானா மட்டும் பதினோரு மாதமாகக் கண் மூடவில்லை. அவளுக்குப் பிறந்த பெண்குழந்தை ஒன்பது நாள் இருந்தது. அதன் பேரைச் சொன்னால் தாய் உடைந்துபோவாள் என்று சொந்தபந்தம் அத்தனையும் வாயைக் கட்டிக்கொண்டது. உசேனும் சொன்னதில்லை.

செல்லப்பாண்டி விழித்ததும் அவர் முன்னால் டீயை வைத்தாள்.

"யாரு பேரெல்லாம் எழுதுனீக அண்ணே?"

"என் பேரு, நாகராஜ் பேரு, அப்புறம் உசேன் குடும்பத்தார்னு எழுதுனேன் தங்கச்சி. வீட்டுப் பொம்பளை பேரை ரேடியோவுல வாசிச்சா நல்லாவா இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கு. குடும்பத்தார்ல ஆடு வந்திருச்சு, கோழி வந்திருச்சு. நான் மட்டும் வரல."

"கோழிக்கு அப்பிடி என்னம்மா கவலை?" என்றார் நாகராஜ்.

"போடுற முட்டையெல்லாம் நீங்கல்ல திங்கிறீக!"

செல்லப்பாண்டிக்கு முகம் செத்துப்போனது. நாலு வருடம் ஊரையே தூங்கவைத்துவிட்டு, கையில் டீ கொடுக்கிறவளை விட்டிருக்கிறோமே என்று அப்போதே காகிதம் எடுத்து ரெஹானா என்று எழுதினார்.

"மெஹராஜ் பேரையும் போடுங்க."

பேனா நின்றது. கேட்கப்போகிறவர் பேரைத்தான் எழுத வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. இருநூற்றுப் பன்னிரண்டு கடிதத்தில் ஒருமுறையும் மீறியதில்லை.

"தாலாட்டுல்ல அது? பிள்ளை இல்லாம நான் மட்டும் எப்படிண்ணே கேக்கிறது?"

செல்லப்பாண்டி உசேனைப் பார்த்தார். உசேன் திரும்பாமலே, "எழுதுங்கண்ணே" என்றார்.

எழுதினார். ஒட்டுமுன் உரக்க வாசித்துச் சரிபார்ப்பது அவர் பழக்கம். "உத்தமபாளையத்திலிருந்து விரும்பிக் கேட்பவர்கள்: ரெஹானா, அவர் மகள் மெஹராஜ்." பதினோரு மாதத்தில் அந்தப் பேர் இன்னொருவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வரிக்குப் போகுமுன் ரெஹானா கதவு நிலையில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தாள். காலடியில் கிளம்பிய தண்ணீர் படியிறங்கி, ரோட்டைக் கடந்து வாய்க்காலில் சேர்ந்தது. கீழ்மடை வயல்காரர்களுக்கு அந்தப் போகம் ஒரு தண்ணி பாய்ச்சுவது மிச்சம்.

உசேன் பஜ்ஜிச் சட்டியின் அடுப்பை அணைத்தார். "கடுதாசி போய், பாட்டுப் போட ஒரு வாரம் ஆகுமேண்ணே?"

"பதினோரு மாச முழிப்பு. அதுக்குள்ளயா தங்கச்சி எந்திரிக்கப் போகுது?"

கடைசி வரிக்குக் கீழே செல்லப்பாண்டி இதைச் சேர்த்தார்: "பின்குறிப்பு: பாட்டை மெல்லப் போடவும். ரெஹானா தூங்கிக்கொண்டிருக்கிறார்." உறையைச் சத்தமில்லாமல் ஒட்டி, தலை நேராக இருக்கும்படி ஸ்டாம்பை அழுத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் நடந்துபோய், தபால் பெட்டியின் தகடு தடதடக்காமல் ஒரு விரலால் பிடித்தபடி கடிதத்தை உள்ளே விட்டார்.