அடி அண்ணாமலைக் குரங்கின் தீர்ப்பு

"என் கியூ கட்டையில இருக்கிறது அசல் சிப்பிப் பதிப்புன்னு ஒரு குரங்கே சோதிச்சுப் பார்த்துத் தீர்ப்பு சொல்லிடுச்சு. அடி அண்ணாமலைக் குரங்கு. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்த்துச்சு," என்று குலாம் ரசூல் பாய் அறிவித்ததும் பில்லியர்ட்ஸ் ஹாலே சிரித்தது. அந்தச் சத்தத்தில், கீழே பஸ் ஸ்டாண்டில் சும்மா நின்றிருந்த வேலூர் வண்டி தானாகவே ஸ்டார்ட் ஆகி அரை அடி நகர்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரிக்காமல் நின்றவர் பரசுராமன் ஒருவர்தான்.

"அப்படி ஒண்ணும் நடக்கல," என்றார், கியூவின் நுனியில் நீலச் சாக்பீஸைத் தேய் தேய் என்று தேய்த்தபடி. "சுத்தப் புளுகு."

பாய் சொல்வதை ஊரில் யாரும் நம்புவதில்லை. மறுப்பதும் இல்லை, மறுத்தால் கதை நின்றுபோகும். ஹார்டுவேர் கடையை மகனிடம் ஒப்படைத்த நாளிலிருந்து அவருக்கு இதுதான் முழுநேர வேலை. தான் அடித்த ஒரே அடியில் பதினைந்து பந்தும் குழிக்குள் போக, தனியாக நிற்க வெட்கப்பட்டு வெள்ளைப் பந்தும் பின்னாலேயே குதித்துவிட்டது என்று சொன்ன மனுஷன். பரசுராமன் வேறு ரகம். வேங்கிக்கால் ஆபீசில் நில அளவைத் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர். விட்டால், அண்ணாமலை அரை அடி தெற்கே தள்ளி நிற்கிறது என்று மலைக்கே நோட்டீஸ் கொடுப்பார். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் எல்லைக்கல் நட்ட மாதிரி.

இதில் பரசுராமனுக்கு எரிச்சல் என்னவென்றால், பாய் தம் வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தார். கண்ணாடியைத் தவிர.

இரண்டு பேரிடமும் சொந்தக் கியூ உண்டு. பிடிக்கிற பக்கம் கறுப்பு மரத்தில் வெள்ளை வைரக்கட்டங்கள். அதற்கு மேலே சுற்றிவர ஈட்டிமுனை மாதிரி கூர்கள். மரத்தைக் குடைந்து சிப்பியைப் பதித்திருந்தால் அசல். படமாக அச்சடித்து ஒட்டி, மேலே வார்னிஷ் பூசியிருந்தால் ஸ்டிக்கர். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். யாருடையது அசல் என்று போன கார்த்திகை தீபத்தில் தொடங்கிய சண்டை இந்தத் தீபம் வந்தும் ஓயவில்லை.

பரசுராமன் ஸ்கேல் வைத்து அளந்தார். அவருடைய கூர்கள் அத்தனையும் ஒரே உயரம், மயிரிழை பிசகில்லை. பாயுடையதில் ஒன்று எம்பி நின்றது, இன்னொன்று லேசாகச் சாய்ந்திருந்தது.

"கோணல் மாணலா இருக்குது பாய். ஸ்டிக்கரைக்கூட ஒழுங்கா ஒட்டத் தெரியாதவன்கிட்ட வாங்கியிருக்கீங்க."

"கையால குடைஞ்சா முன்னப்பின்னதான் வரும் சர்வேயரே. மெஷின்ல அடிச்சாத்தான் கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லாம் ஒரே மாதிரி வரும்."

ஹால் முழுவதும் சர்வேயர் பக்கம் நின்றது. அளந்து பார்த்தவர் அவர்தானே.

அந்த நம்பிக்கைதான் இப்போது அவர் கழுத்தைப் பிடித்தது. ஹாலை நடத்துகிற பிர்தௌஸ், பாயின் அக்கா மகள், சீட்டு எடுத்த பணத்தில் எட்டு கியூ வாங்கப் போகிறாள். எல்லாம் பரசுராமன் வாங்கிய அதே சென்னைக் கடையில். 'அசல் சிப்பி பதித்த கியூக்கள் உள்ள ஒரே ஹால்' என்று போர்டுகூட எழுதக் கொடுத்துவிட்டாள். "சார் கைவெச்சுப் பார்த்து அசல்னு சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?" என்பதுதான் அவள் பேச்சு.

குரங்கு விஷயம் போன வாரம் நடந்தது. அடி அண்ணாமலையில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் புது டேபிள் வந்திருக்கிறது என்று பாயின் ஸ்கூட்டரில் இருவரும் கிளம்பினார்கள். வழியில் டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்ததும் சண்டை மறுபடி தொடங்கியது. இரண்டு கியூவையும் உறையிலிருந்து எடுத்துக் கழற்றி, கைப்பிடிப் பாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதைப் பாருங்க", "நீங்க இதைப் பாருங்க" என்று கத்திக்கொண்டிருந்தபோது, மதில்மேல் இருந்த தாய்க்குரங்கு ஒன்று இறங்கி வந்து இரண்டையும் அள்ளிக்கொண்டு திரும்ப ஏறிவிட்டது.

வெள்ளைக் கட்டங்களைத் தேங்காய்ச் சில்லு என்று நினைத்திருக்கும். முதலில் பாயுடையதை நகத்தால் சுரண்டியது. வரவில்லை. பல்லால் கடித்தது. அதுவும் வரவில்லை. சீ என்று கீழே எறிந்தது. அடுத்து பரசுராமனுடையது. ஒரே சுரண்டலில் ஓரம் தூக்கிக்கொண்டது. குரங்குக்கு உற்சாகம் தாங்கவில்லை. வாழைப்பழத்தை உரிப்பது போல மேலிருந்து கீழே சர்ரென்று உரித்தது: வைரக்கட்டம், ஈட்டிமுனை, கிட்டத்தட்ட எல்லாம் ஒரே தாளாக. நக்கிப் பார்த்து, முகம் சுளித்து, தாளை அவர் காலடியில் துப்பிவிட்டுப் போனது.

கட்டம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம்கூட இல்லை. மொழுமொழுவென்று வெறும் மரம். எல்லாம் ஒரே உயரத்தில் இருந்ததற்கான காரணம் அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது. உறைத்த வேகத்தில் கையிலிருந்த டீ ஆறிக் கட்டியாகிவிட்டது.

"பாய், இது நமக்குள்ள இருக்கட்டும்."

"அல்லா சாட்சியா வாயைத் திறக்க மாட்டேன் சர்வேயரே," என்றார் பாய். அப்போதே அவர் மீசை துடித்தது.

இப்போது பரசுராமனின் கியூவில், பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றுகிற துணி, அடியிலிருந்து இடுப்புவரை.

"இது எதுக்கு சார் சுத்தியிருக்கீங்க?" என்றான் ஆட்டோ ஓட்டும் அப்பாதுரை, தன் முறைக்குக் காத்திருந்தபடி.

"கை வேர்க்குதுப்பா."

அவர் தலைக்கு நேர்மேலே ஏசி. மார்கழி மாசம். அப்பாதுரை ஸ்வெட்டர் போட்டிருந்தான்.

"ஒரு குரங்கா வந்துச்சு?" பாய் விடவில்லை. "முப்பது! பெரிய குரங்கு நடுவுல உட்கார்ந்துச்சு. குட்டி ஒண்ணு லென்ஸ் எடுத்துக் குடுத்துச்சு."

"ஒரு குரங்குதான்!" என்று பரசுராமன் வாயிலிருந்து வந்தேவிட்டது. தவறான அளவைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடிந்ததே இல்லை.

ஹாலில் இருந்த எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"அதாவது... வந்திருந்தா, ஒண்ணுதான் வந்திருக்கும்னு சொல்றேன். மதில் சின்னது."

"எந்த மதில் சார்?" என்றான் அப்பாதுரை.

"நீ உன் ஆட்டத்தைப் பாருப்பா!"

அப்போது பிர்தௌஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். "ஆமாங்க, எட்டு. அதே மாடல்தான். ஒரு நிமிஷம் இருங்க, பணம் போட்டுடறேன்." போனைக் கையால் மூடிக்கொண்டு, "சார், கடைசியா ஒருக்கா சொல்லிடுங்க. போட்டுடட்டுமா?"

"இப்ப எதுக்கும்மா அவசரம்? விலை ஜாஸ்தி. பொங்கல் கழிச்சு கம்மியாகும்."

"பொங்கல் கழிச்சு ஏத்தறாங்களாம் சார்."

"எட்டு எதுக்கு? ரெண்டு போதுமே."

"போர்டு எழுதியாச்சே சார்."

"போடாத பிர்தௌஸ்," என்றார் பாய். ஆச்சரியம், சிரிக்காமல் சொன்னார். "அது ஸ்டிக்கரு. குரங்கு உரிச்சதை நான் கண்ணால பார்த்தேன்."

"மாமு, சும்மா இருங்க. நேத்து மாடு வந்து உங்ககிட்ட ஸ்கோர் கேட்டுச்சுன்னீங்க."

"அது வேற. இது நிஜம்."

"அதுவும் நிஜம்னுதான் சொன்னீங்க."

பாய் பரசுராமனைப் பார்த்தார். கிண்டல் இல்லாத அந்தப் பார்வைதான் பரசுராமனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பாய் தொண்டை கிழியக் கத்தினாலும் இந்தப் பெண் நம்பமாட்டாள். தான் முனகினால் போதும், நம்பிவிடுவாள். வாழ்நாளெல்லாம் பொய் சொன்னது இவர், மாட்டிக்கொண்டது நான். என்ன நியாயம் இது?

பிர்தௌஸின் கட்டைவிரல் போன் திரைமேல் போய்க்கொண்டிருந்தது.

பரசுராமன் துணியின் முனையைப் பிடித்து இழுத்தார். சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது. அடியில் வெறும் மரம். ஓரத்தில், குரங்கு விட்டுவைத்த பாதி ஈட்டிமுனை ஒன்று சுருண்டு தொங்கியது.

"இங்க குடும்மா போனை," என்றார். வாங்கி, அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கேட்காமலே அணைத்தார். "வேண்டாம். இது ஸ்டிக்கர். அளந்து பார்த்து அசல்னு சொன்னவன் நான்தான். எல்லாம் ஒரே அளவா இருந்ததைப் பார்த்து ஏமாந்துட்டேன்."

"அப்ப மாமு சொன்னது?"

பாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவர் மீசை மறுபடி துடிக்கத் தொடங்கியிருந்தது.

பரசுராமன் பல்லைக் கடித்தார். மேலே ஏசியைப் பார்த்தார். கீழே டேபிளைப் பார்த்தார்.

"நடந்துச்சும்மா. குரங்குதான் உரிச்சுது," என்றார். "ஆனா ஒரே ஒரு குரங்கு. கண்ணாடியும் போட்டிருக்கல."