கையெழுத்தும் கைவிளக்கும்

மாஜிஸ்திரேட் ரஸல் ஸ்டிட்டம் இறைச்சி வைத்த பெப்பரோனி ரொட்டியை மென்றபடியே போலீஸ் கொண்டுவந்த மனுவைப் படித்து முடித்தார். ஆர்லின் தன் வீட்டில் போதை மாத்திரை விற்கிறான் என்பதற்குச் சாட்சி இருந்தது. அவனிடம் வாங்கித் தின்ற மாத்திரையால்தான் அதே ஊர் வான்டாவின் மகன் போன கோடையில் இறந்தான்.

சோதனை வாரண்டில் கையெழுத்திட்ட ரஸல், மேலங்கியையும் மாட்டிக்கொண்டார். எதிரே நின்ற போலீஸ்காரன் கிளின்ட் விழித்தான்.

"நீங்க எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"உங்கூடத்தான். நான் நிலக்கரிச் சுரங்கத்துல விஷக்காத்து சோதிச்சவன்டா. உள்ள போய்ப் பாக்காம ஒருநாளும் 'ஆபத்தில்ல'ன்னு சுவத்துல பேரு எழுதினதில்ல."

"தேர்தல்ல ஜெயிச்சு மாஜிஸ்திரேட் ஆகியும் கரித்தூசி போகலையே உங்களுக்கு!" என்று சிரித்தான் கிளின்ட். அவனுக்கும் அதில் தப்பொன்றும் தெரியவில்லை.

ஆர்லினின் சமையலறையில் போலீசாருக்குக் கிடைக்காதது ரஸலின் கண்ணில் பட்டது. "அடுப்புக்குப் பின்னால பாரு. அந்தப் பலகை மட்டும் புதுசா இருக்கு" என்று கைவிளக்கை அடித்துக் காட்டினார். பை பையாக மாத்திரைகள் வந்தன. வெளியே நின்றிருந்த வான்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

விசாரணையில் ஆர்லினின் வக்கீல் கிளின்டிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பலகைய எடுத்துப் பாக்கச் சொன்னது யாரு?"

சத்தியம் செய்துவிட்டு நின்றவன் பொய் சொல்லவில்லை.

வாரண்ட் கொடுத்தவரே போலீசோடு சேர்ந்து தேடியதால் அந்தச் சோதனை செல்லாது என்றார் மேல் நீதிபதி. மாத்திரைகளை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்றானபின் வழக்கில் என்ன மிச்சம்? ஆர்லின் விடுதலையானான். படியிறங்கும்போது, "டார்ச்சுக்கு பேட்டரி வேணுமா, ஜட்ஜய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ரஸலின் காதில் அது விழுந்ததோ இல்லையோ, அவர் வான்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல அருகில் போனார்.

"தப்பு என்னோடதும்மா. சுரங்கத்துல உள்ள போய்ப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். இங்க கையெழுத்துப் போட்டவன் உள்ளயே போகக் கூடாது. தேடப்போறவனுக்கும் கதவுக்குப் பின்னால இருக்கிறவனுக்கும் நடுவுல நிக்கத்தான் என்னைய வச்சிருக்காங்க. நல்லதுக்குன்னாலும் ஒரு பக்கம் சாஞ்சுட்டா, அப்புறம் நான் நடுவன் இல்ல."

வான்டா கோபப்படவில்லை. கைப்பையை மூடினாள்.

"நல்ல பாடந்தான், ரஸல். அத எம்மவன் கேஸ்லதானா படிக்கணும்?"