சாம்பலில் கிடந்த பட்டை

அம்மாவின் சாம்பலைப் பானையிலிருந்து பெட்டிக்கு மாற்றும்போது அது டங்கென்று தரையில் விழுந்தது. விரல் நீளத்தில் கறுத்துப்போன உலோகப் பட்டை. வரிசையாக ஆறு துளைகள். இரண்டு துளைகளில் மட்டும் திருகாணி இறுகிப்போயிருந்தது.

"போச்சு! ஆளையே மாத்திக் குடுத்துட்டானுங்க!" என்று தம்பி குதித்தான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் குதிக்க வேண்டும்.

அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. "அவ உடம்புல கத்தியே பட்டதில்ல. இது வேற யாரோடதோ. போய்க் கேளுங்க" என்றார்.

அம்மா போய் நான்கே நாள். அதற்குள் அவளைத் தொலைத்தும் விட்டோமா? ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் சாம்பலையா இரண்டு நாளாக மடியில் வைத்து அழுதேன்? தம்பியை வாயை மூடச் சொல்லிவிட்டுப் பட்டையோடு கிளம்பினேன்.

மின்தகன மேடையில் இருந்த ஆள் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "ஸ்ட்ரெச்சர்லேர்ந்து கழண்ட கீலா இருக்கும்மா" என்றான். கீலாம் கீல், அவன் தலை. நேரே லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"கீல் இல்லக்கா. அவ்வளவு நெருப்புலயும் இளகல, காந்தமும் ஒட்டல. திருகாணியில ஒட்டியிருக்கறது எலும்பு மாதிரி இருக்கு. எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க."

எலும்பு டாக்டர் தலை நரைத்த அம்மாள். விளக்கடியில் திருப்பிப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். "இது பிளேட்டும்மா. உடைஞ்ச எலும்பு சேர்றதுக்கு வைக்கறது. நாப்பது வருஷத்துக்கு முந்தின மாடல்."

பிளேட்.

தண்ணீர் வாளியைத் தூக்கச் சொன்னால் அம்மா, "கையில பிளேட் இருக்குடி, நீ தூக்கு" என்பாள். நாங்கள் எட்டிப் பார்ப்போம், வெறுங்கையாக இருக்கும். "எங்கம்மா பிளேட்டு? சோறு எங்கே?" என்று விழுந்து விழுந்து சிரிப்போம். அவளும் சிரித்துவிடுவாள். அவளுக்குப் பிளேட்டம்மா என்றே பெயர் வைத்தோம். அப்பா மட்டும் சிரிக்காமல் பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

"தழும்பு இருந்திருக்குமே?" என்றார் டாக்டர்.

"முழங்கைக்குக் கீழ, சுண்டுவிரல் பக்கம். எண்ணெய் கொட்டினதுன்னு சொல்லுவா. எங்கேயாவது விழுந்திருப்பாளா டாக்டர்?"

"விழுந்தா பெரும்பாலும் மணிக்கட்டுதான் போகும். அந்தப் பக்கத்து எலும்பு தனியா உடையறது, மேல விழற அடியைக் கையால தடுக்கறப்போ." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "உறுதியா சொல்ல முடியாதும்மா" என்று பட்டையைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டு வாசலிலேயே தம்பி மறித்தான். "என்னக்கா, கம்ப்ளெய்ன்ட் எழுதிடலாமா?"

"அம்மாவேதான்டா."

அப்படியே படியில் உட்கார்ந்து குலுங்கி அழுதான். நிம்மதி அவனுக்கு. எனக்கு அது வேறு எவளுடையதாகவாவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

உள்ளே போய் அப்பாவின் முன்னால் பட்டையை வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. யாருடையது என்றும் கேட்கவில்லை.

"அவ சொன்னாளா?" என்றார்.

"தினம் தினம் சொன்னாப்பா" என்றேன். "நாங்கதான் சிரிச்சோம்."