குளக்கட்டு இறக்கம்

போன வருடம் யாழ்ப்பாணம் வரைக்கும் குழுவாகச் சைக்கிளில் போனபோது, என் செயின் அறுந்த இடத்தில் என்னை, சமையல் சாமானோடு பின்னால் வந்த வானுக்குள் ஏற்றினார்கள். சைக்கிளைத் திருத்தினார்கள், என்னை மட்டும் இறக்கவில்லை. பெடியன்கள் உழக்கி வந்து சாப்பிட, நான் வெங்காயம் உரித்தேன். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

இந்த வருடம் எங்கள் கடற்கரை ஊரான வங்காலையிலிருந்து மலைநாட்டு நுவரெலியாவுக்குப் பயணம். குழுத் தலைவர் என் பெரியப்பாவின் மகன் றெனால்ட் அண்ணா.

“மலை எண்டா விளையாட்டில்லை. ஏத்தம் ஏறேலாதவை இப்பவே சொல்லுங்கோ, வானுக்குள்ளை இடமிருக்கு” என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஏற்றமாம்! உப்புக்குளத்து மருந்துக்கடைக்கு வேலைக்குப் போக, கடலின் நடுவே போகும் பெரியபாலத்தில் கச்சான் காற்றை எதிர்த்து உழக்குகிறவள் நான். எந்த மலையும் கச்சானை விடப் பெரிதில்லை என்று நினைத்தேன். அதில் பாதிதான் சரி.

மலையில்லாத எங்களுக்குப் பயிற்சிக்குக் கிடைத்தது கட்டுக்கரைக் குளக்கட்டு. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் போனோம். அண்ணாவுக்கு முன்னாலேயே நான் கட்டின் மேல் நின்றேன். அதே தலைக்கனத்தோடு மறுபக்கம் வயலை நோக்கி இறங்கினேன்.

எங்கள் பக்கம் சைக்கிளை நிறுத்த யார் பிறேக் பிடிக்கிறார்கள்? பிறேக் வயரை உப்புக்காற்று தின்றுவிடும்; நாங்களும் மாற்றுவதில்லை. உழக்குவதை விட்டால் காற்றே நிறுத்திவிடும், மிச்சத்துக்கு நிலத்தில் தேய்க்கச் செருப்பு இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் இறக்கத்திலும் காலை ஊன்றினேன். செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சைக்கிள் வாய்க்காலுக்குள். ஆழமறியாமல் காலை விட்டதற்கு முழங்கால் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

“நீ வானுக்குள்ளை வா, ஜெனுஷா. மலையிலை இப்பிடி விழுந்தா என்ன செய்யிறது?” என்றார் அண்ணா. அன்பாகத்தான் சொன்னார். அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

“நான் ஏறமாட்டன். வெளிக்கிட முதல் இதே இறக்கத்திலை என்னைச் சோதியுங்கோ. நான் மட்டுமில்லை, எல்லாரும் இறங்கி நிறுத்திக் காட்டவேணும். நிறுத்தேலாதவை வானுக்குள்ளை.”

“ஓம், ஓம்” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டு சில்லுக்கும் புது வயர் போட்டேன். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விட்டேன். வேலையில்லாத நாளெல்லாம் குளக்கட்டுக்குப் போனேன். முன் பிறேக்கை மட்டும் பிடித்தால் தூக்கி எறிந்தது. பின் பிறேக்கை மட்டும் பிடித்தால் சறுக்கியது. இரண்டையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்கப் பழகினேன். ஆனால் இந்தக் கால் இருக்கிறதே, அது சொல்வழி கேட்கவில்லை. பயம் வந்தால் தானாக நிலத்துக்குப் போனது. கடைசியில் துணியால் காலைப் பெடலோடு கட்டினேன்.

“உனக்கு விசரோடி?” என்று அம்மா கத்தினா. கட்டோடும் விழுந்தேன். எழும்பித் திரும்பவும் கட்டினேன். ஒருநாள் பயத்தில் கைதான் முதலில் பிறேக்கைத் தேடியது. அன்றைக்குத் துணியை வாய்க்காலில் எறிந்துவிட்டு வந்தேன்.

சோதனை நாளில் இறக்கத்தின் அடியில், வலையின் மிதவைக் கயிறு ஒன்றைக் குறுக்கே போட்டேன். முதலில் நானே இறங்கினேன். முன்சில்லு கயிற்றைத் தொடாமல் நின்றது. அதற்குப் பிறகுதான் காலைக் கீழே வைத்தேன்.

அடுத்தது றெனால்ட் அண்ணா. கொழும்பில் வாங்கிய கியர் சைக்கிள். நாலு பேர் பார்க்கட்டும் என்று கடற்கரை முற்றத்தில் நிறுத்தி வைத்திருந்தது. பாதி இறக்கத்தில் டக்கென்று பிறேக் வயர் அறுந்தது. கால் நிலத்துக்குப் போனது. கயிற்றைத் தாண்டி வாய்க்காலுக்குள் விழுந்தார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். அண்ணாவுக்கு மீசை முழுக்கச் சேறு.

நான்தான் முதலில் ஓடினேன். கைகால் முறியவில்லை. வயரைப் பார்த்தேன், உள்ளே முழுக்கத் துரு. “இது மலையிலை அறுந்திருந்தா?” என்று அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். சிரிக்க வந்த பெடியன்கள் எல்லாரும் தங்கள் தங்கள் பிறேக்கைக் குனிந்து பார்த்தார்கள்.

அண்ணா மீசையைத் துடைத்தார்.

“எனக்கும் பழக்கி விடுவியோ, பிள்ளை?”

“பழக்கிறன்” என்று கைகொடுத்துத் தூக்கினேன். “ஆனா வெளிக்கிடுறதுக்குள்ளை பழகாட்டி... வெங்காயம் உரிக்கத் தெரியுமோ, அண்ணா?”