நிறுத்தக் கூடாத கார்

தயாளினியின் களஞ்சிய அறையில் எந்நேரமும் மூன்று கான் மண்ணெண்ணெய் இருக்கும் என்பது கொக்குவிலில் அந்த ஒழுங்கைக்கே தெரியும். சண்டை முடிந்து பதின்மூன்று வருடமாகியும் அவளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. பற்றரி, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி எல்லாம் அப்படித்தான்.

"எங்கடை வீடு என்ன சங்கக் கடையே அம்மா?" என்று மகள் ஆரபி சிரிப்பாள்.

யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் தயாளினி கலியாணம் கட்டிச் சைக்கிள் கரியரில் போனவள். கூறைச்சேலை சங்கிலிக்குள் அகப்பட்டு ஒரு முழம் கிழிந்தது. தன் பிள்ளை காரில்தான் போவாள் என்று, பிள்ளை பிறக்கும் முன்பே முடிவெடுத்துவிட்டாள்.

ஆரபியின் கலியாணமோ நாடு முழுக்கப் பெற்றோல் வரிசையில் நின்ற 2022 ஆனியில் வந்தது. கலியாணத்தன்று விடிய, வாடகைக் கார்க்காரன் போன் எடுத்தான்.

"அன்ரி, ரெண்டு நாளா வரிசையிலைதான் நிக்கிறன். காசு கிடக்கு, பெற்றோல் இல்லை."

தயாளினி வேலிக்கு ஓடினாள். பக்கத்து வளவில் கதிரவேலு அண்ணையின் பழைய ஒஸ்ரின் நின்றது. தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி, வெங்காய மூட்டை ஏற்றிய கார்.

"கிளப்பக் கொஞ்சம் பெற்றோல் வேணும் தங்கச்சி. கிளம்பினால் பிறகு உன்ரை மண்ணெண்ணெயே காணும், அதிலை ஓடும்."

கணவன் சிவரூபன் மோட்டார் சைக்கிளைச் சரித்துப் பிடித்து வடித்ததில் ஒரு மருந்துப் போத்தல் அளவு தேறியது.

"ஒருக்காத்தான் கிளப்பலாம்" என்றார் கதிரவேலு. "நிண்டுதெண்டால் பிள்ளைக்குச் சைக்கிள்தான்."

கார் இருமி, கனைத்து, கிளம்பியது. சாவகச்சேரிக்குப் போய் மாப்பிள்ளை தனோஜனை ஏற்றி வந்து, கலியாண வீட்டு வாசல் படலையடியில் உறுமிக்கொண்டே நின்றது. கதிரவேலுவோ சாப்பாட்டுப் பந்தியில் இருந்தார். தவிலுக்கு மேலால் எஞ்சின் கேட்டது. ஐயர் புகையில் செருமினார். தாலி கட்டும்போதும் தயாளினியின் ஒரு காது படலையடியில்தான்.

மாப்பிள்ளையின் லண்டன் மாமா எழும்பிப் போவதை அவள் கண்டாள்.

"பாருங்கோ, இந்தத் தட்டுப்பாட்டிலை ஆரோ காரை நிப்பாட்ட மறந்து போட்டினம்" என்று சொல்லி, அந்த நல்ல மனிதர் எஞ்சினை நிப்பாட்டும் திறப்பைத் திருகக் காருக்குள் கையை விட்டார்.

தயாளினி ஆராத்தித் தட்டோடு ஓடினாள்.

"ஐயோ, திறப்பிலை கை வையாதேங்கோ!"

மஞ்சள் தண்ணீர் முழுக்க அவருடைய கோட்டில். கை மட்டும் திறப்புக்கு ஒரு சாண் இப்பால் நின்றுவிட்டது. விஷயம் தெரிந்ததும் முதலில் சிரித்தவர் அவர்தான்.

பின்னேரம் ஆரபி காரில் ஏறினாள். தயாளினி மகளின் சேலைத் தலைப்பை எடுத்து அவள் மடியில் வைத்து, கதவைத் தானே சாத்தினாள். தாயும் மகளும் கண்ணைக் கசக்கத் தொடங்க, கதிரவேலு கத்தினார்.

"அழுறதெண்டால் கெதியா அழுங்கோ! எஞ்சின் நிக்கப் போகுது!"

கார் உருண்டது. ஆரபி தலையை வெளியே நீட்டினாள்.

"அம்மா, மிச்சக் கானிலை ஒண்டு எங்களுக்கு!"

"டிக்கிக்குள்ளை அப்பவே வைச்சிட்டன், போ!"