நாம் என்ற ஆணி

1

இந்தக் கதை ஒரு கட்டுரையிலிருந்து பிறந்தது. கட்சிகளின் கொள்கை எப்படி மாறுகிறது என்பதை வலைப்பின்னல் பகுப்பாய்வால் அளக்கலாம் என்றது அந்தக் கட்டுரை. கட்சி பேசும் சொற்களைப் புள்ளிகளாக வைக்க வேண்டும். ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வரும் சொற்களைக் கோட்டால் இணைக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து மறுபடி இணைத்தால் எந்தச் சொல் எந்தச் சொல்லைக் கைவிட்டது என்று தெரிந்துவிடும். படித்து முடித்து மூடி வைத்தேன். பிறகு தனியாகச் சிரிக்கத் தொடங்கினேன். சொற்கள் விவாகரத்து செய்துகொள்கின்றன! இதைவிட நல்ல குடும்பக் கதை எங்கே கிடைக்கும்?

2

முதல் தொடக்கம்: "மலாக்கா, காஜா பெராங், 1957. சுதந்திரத்தின் விடியலில்..."

வேண்டாம். விடியல் என்று எழுதினாலே கை கூசுகிறது.

இரண்டாவது: "கணினி இல்லாத அந்தக் காலத்தில் மருதமுத்து என்பவர்..." மருதமுத்து வந்தார், சுருட்டு பற்ற வைத்தார், அதற்கு மேல் நகர மறுத்தார். அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது: சந்திரமதி சமையலறைச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

இவள் போதும். காஜா பெராங்கில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள். அங்கே குடைக் கட்சி (என் கற்பனை, வரலாற்றில் தேடாதீர்கள்) மலாயிலும் தமிழிலும் நோட்டீஸ் அடிக்கும். கட்சி மாறவே இல்லை என்றான் அவள் கணவன் மாணிக்கவாசகம். மாறிவிட்டது என்றாள் இவள்.

"அப்ப காட்டு. மாறியிருந்தா நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிடுவோம். நம்மள வேணாங்கிற ஊர்ல எனக்கென்ன வேல?"

சந்திரமதிக்குக் கப்பல் ஏற விருப்பமில்லை. பிறந்தது, வளர்ந்தது, சண்டை போட்டது எல்லாமே இங்கேதான். ஆனால் வாய் விட்டாயிற்று, பந்தயம் கட்டியாயிற்று. ஜெயித்தால் ஊர் போய்விடும். (இப்படி ஒரு பந்தயத்தை அவள் ஏன் கட்டினாள் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். சுத்தியலைக் காட்டினாள்.)

3

சுவரில் இரண்டு பலகைகள்: ஒன்று மலாய்க்கு, ஒன்று தமிழுக்கு. ஒரு சொல்லுக்கு ஓர் ஆணி. 1955 தேர்தல் நோட்டீசுக்குச் சிவப்பு நூல், இந்த ஆண்டு (1957) இன்னும் அச்சேறாத நோட்டீசுக்குப் பச்சை.

கொஞ்சம் இலக்கணம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் தமிழில் நாம், மலாயில் கித்தா. கேட்பவரை வெளியே நிறுத்தினால் நாங்கள், காமி.

[அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது: தோட்டத்துத் தமிழில் ரப்பருக்கும் கித்தா என்றுதான் பெயர். கட்சித் தலைவர் முதல் கூட்டத்தில் "கித்தா! கித்தா!" என்று முழங்கியபோது, ரப்பர் விலை ஏறப்போகிறது என்று கைதட்டியவர்கள் உண்டு.]

மலாய்ப் பலகையில் கித்தாவிலிருந்து கடை, தோட்டம், கோயில் என்று சிவப்பு நூல்கள் விசிறிபோல ஓடின. பச்சை நூல் ஏறியபோது கித்தா மொட்டையாக நின்றது. காமி என்று புது ஆணி அடிக்க வேண்டியிருந்தது. அது மண்ணோடு மட்டும் சேர்ந்தது. கடையும் தோட்டமும் கோயிலும் 'விருந்தாளி' என்ற ஆணிக்குப் போய்விட்டன.

தமிழ்ப் பலகையில் பச்சை நூல் சிவப்பின் மேலேயே படுத்திருந்தது. நாம் அசையவில்லை.

ஒரே கட்சி, ஒரே நோட்டீஸ். தமிழில் மட்டும் கொள்கை மாறவில்லை!

4

நோட்டீசைத் தமிழாக்கியவர் ஜவுளிக்கடை சிஹாபுதீன்; ஊருக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன். மறுநாள் அச்சகத்துக்கு வந்தவரைச் சந்திரமதி மடக்கினாள்.

"நானா, மலாய்ல காமின்னுதானே இருக்கு? நீங்க நாம்னு எழுதியிருக்கீங்க."

"எல்லாம் ஒண்ணுதானே தங்கச்சி."

"நாங்கள்னு வரணும்."

"நடுவுல ஒரு 'ங்க' தானே? மரியாதைய நான் எடுத்து வச்சுக்கிட்டேன்."

"விருந்தாளின்னு ஒரு வார்த்த இருந்துச்சே, அது எங்க?"

"விருந்தாளிய வாசல்லயே நிக்க வைக்கிறதா? உள்ள கூப்பிட்டுட்டேன்."

சந்திரமதி சிரித்த சிரிப்பில் ஈய எழுத்துப் பெட்டி ஆடியது.

"பொய்யி நானா இது."

"பொய்யின்னா திருத்து. புரூஃப் பாக்குறவ நீதானே? நாளைக்கு மைதானக் கூட்டத்துல தமிழ்ல வாசிக்கப்போறவன் நான். நீ அடிச்சுக் குடுக்கிறதத்தான் வாசிப்பேன்."

அன்று மாலை மாணிக்கவாசகம் சமையலறைக்குள் எட்டிப்பார்த்தான்.

"பாத்தியா! பச்ச அப்படியே சிவப்பு மேல கெடக்கு. நான் சொன்னேன்ல? நாம்னா நாமதான். கப்பலாவது கிப்பலாவது!" அப்புறம், "அந்த இன்னொரு பலகை மேல ஏன் என் சாரம் தொங்குது?"

"காயுதுங்க."

5

இங்கே எனக்குப் பெரிய சந்தேகம். மலாய்ப் பலகையை மறைக்க லுங்கிச் சாரம் தொங்கவிடுகிறவளா புரூஃப் பார்ப்பவள்? பொய்யோடு வீட்டுக்குள் இருப்பாளா, உண்மையோடு கப்பலிலா? இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) அவள் 'நாங்கள்' என்று திருத்துகிறாள். சிஹாபுதீன் வாசிக்கிறார். மைதானம் அமைதியாகிறது. மாணிக்கவாசகம் எழுந்து போகிறான். நேர்மையான முடிவு. எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆ) 'நாம்' நிற்கிறது. கைதட்டலில் மைதானம் அதிர்கிறது. தமிழ் தெரியாத தலைவர் சிஹாபுதீனிடம் குனிந்து, "எதற்குத் தட்டினார்கள்?" என்கிறார். "கித்தாவுக்கு, துவான்." தலைவர் கைதட்டலுக்கு மயங்குபவர். அடுத்த வாரம் கிளேபாங் கூட்டத்தில் அவரே கித்தா என்கிறார். கொள்கை திரும்பி வந்துவிடுகிறது! இதை எழுதும்போது நாற்காலியில் உட்கார முடியவில்லை, எழுந்து நடந்தேன்.

பிறகு நாற்காலிக்கே திரும்பினேன். பலகையில் அளந்தால் 'கட்சி மறுபடி மாறியது' என்று மட்டும்தானே வரும்? ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் 'ங்க'வைத் திருடினார் என்பதற்கு எந்த நிறத்தில் நூல் கட்டுவது? தலைவருக்குக் கைதட்டல் சலித்த நாளில் அந்த நாம் என்ன ஆகும்? கட்டுரையில் இதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

6

ஆகவே முடிக்கவில்லை. சந்திரமதி அச்சகத்தில் நிற்கிறாள். ஒரு கையில் நாம், இன்னொரு கையில் நாங்கள். ஈய எழுத்துகள் உள்ளங்கையில் சூடேறிவிட்டன. வாக்கியத்தின் தலையில் இடம் காலியாக இருக்கிறது.

"அக்கா, மிஷின ஓட்டவா?" என்று அச்சு மிஷின் ஓட்டும் சேதுராமன் உள்ளேயிருந்து கத்துகிறான்.

அவள் என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். எதைப் போட்டாலும் அது உங்களையும் உள்ளே எடுக்கும், அல்லது வெளியே நிறுத்தும். போடுங்கள்:

"_________ இந்த மண்ணின் மக்கள்."