கூரைத் திருகு

ஜெயராமன் தரையில் குப்புறப் படுத்து, பல் குத்தும் குச்சியால் குப்பை வண்டியின் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். வண்டி அவன் முழங்கை நீளம். ஸ்டீயரிங் ஒரு ரூபாய்க் காசு அளவு, கேபினுக்குள் விரல் நுழையாது. விகிதப்படி அப்படித்தான் வரும். அதற்கு அவன் என்ன செய்வான்?

மகள் ஸ்னேஹாவுக்கு அன்று ஏழாவது பிறந்தநாள். ஜோகுபாளையத்தில் அவர்கள் தெருவுக்குத் தினமும் வரும் குப்பை வண்டியை மூன்று மாதமாக லெகோ கட்டைகளில் கட்டியிருந்தான். மூன்று கியர், டிஃபரன்ஷியல், தொட்டியைத் தூக்கும் தண்டு, எல்லாம் உள்ளே உண்டு. ஆபீஸில் அவன் கம்ப்யூட்டரில் வரைந்த கியர்பாக்ஸ் எதுவும் இதுவரை ஒரு காரிலும் ஏறியதில்லை. அதனால் வீட்டில் இந்த ஆசை கொஞ்சம் கூடுதல்.

ஸ்னேஹா தள்ளினாள். வண்டி முனகியபடி நேராகப் போய் சோபாக் காலில் முட்டியது. குச்சியால் திருப்பினாள். தள்ளினாள். முட்டியது. மறுபடி குச்சி. நான்காவது முட்டலில் எழுந்து ஃபிராக்கைத் தட்டிக்கொண்டாள்.

“சூப்பரா இருக்குப்பா. ஷோகேஸ்ல வெச்சிடட்டுமா?”

அவ்வளவு மரியாதை. போன வருஷத்து ஜேசிபியும் அதற்கு முந்தைய கிரேனும் இதே மரியாதையோடுதான் ஷோகேஸுக்குள் போயின. மூன்றாவதும் போய்விட்டால் இனி அவள் அப்பாவிடம் பொம்மையே கேட்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

“மேல ஒரு திருகு வெச்சாதான் என்னங்க?” என்றாள் வீணா, சமையலறையிலிருந்து.

“கூரைலயா? எந்த டிரைவராவது கூரை மேல கைய வெச்சு வண்டி ஓட்டறானா?”

கூரைத் திருகு அவனுக்குக் கெட்ட வார்த்தை. ஸ்டீயரிங் தண்டைக் கூரைக்கு மேலே நீட்டிவிட்டால் விரலால் சுலபமாகத் திருப்பலாம். பார்க்கத்தான் பொம்மை மாதிரி ஆகிவிடும். மாதம் ஒருமுறை மல்லேஸ்வரம் காபிக் கடையில் கூடும், முடி கொட்டிய லெகோ கட்டைக்காரர்கள் முன்னால், அதை எதிர்த்து இருபது நிமிஷம் பேசியிருக்கிறான். இரண்டு பேர் கை தட்டினார்கள். அதில் ஒருவர் தட்டியது சர்வரைக் கூப்பிட.

கீழே குப்பை வண்டியின் ஸ்பீக்கர் கன்னடத்தில் அலறியது. “ஹசி கசா! ஒண கசா!” ஈரக் குப்பை, காய்ந்த குப்பை என்று இரண்டு பக்கெட்டோடு இறங்கினான். வண்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்னேஹாவும் இறங்கினாள்.

நிஜ வண்டியை ஓட்டும் மரகதம் பச்சைக் கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

“அய்யய்யோ, நம்ம வண்டியேதான் சார்! கதவுல கட்டன கயிறு கூட கீது. இதுக்குத்தான் அன்னிக்கு ரோட்ல மல்லாக்கப் படுத்துனு போட்டோ புடிச்சீங்களா? நான் உங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சின்னு பயந்துட்டேன்.”

ஜெயராமன் பூரித்தான்.

“ஆனா ஸ்பீக்கர் எங்க சார்?”

“எது?”

“மேல கத்துதே, அது. பிரேக் இல்லாங்காட்டி கூட சமாளிச்சிக்கலாம் சார். ஸ்பீக்கர் இல்லன்னா இந்தத் தெருவுல ஒருத்தர் எறங்க மாட்டாங்க. நீங்களே எறங்க மாட்டீங்க.”

நாற்பது போட்டோ எடுத்தவன். அத்தனையும் அடியிலிருந்து. தினமும் தன்னை எழுப்பும் அந்த ஸ்பீக்கர் புனலை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். டிரைவர் சீட்டுக்கு நேர் மேலே, ஒற்றைத் தண்டில், விரலால் பிடிக்க வாகாக நின்றது.

படிகளை இரண்டிரண்டாக ஏறினான். கூரையைக் கழற்றினான். தண்டு போகவேண்டிய வழியில் கியர்பாக்ஸ் குறுக்கே நின்றது. மூன்று மாதத்தில் இரண்டு மாதத்தைத் தின்றது அதுதான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூன்று கியரையும் பிடுங்கிக் காபி டம்ளரில் போட்டான். ஸ்டீயரிங் தண்டைக் கூரைக்கு மேலே நீட்டி, அதன் தலையில் ஒரு குட்டி ஸ்பீக்கரைப் பொருத்தினான்.

“அப்போ வண்டில கியரே இல்லையா?” என்றாள் வீணா.

“வெளிய தெரியாது,” என்றான், திருடன் மாதிரி.

ஸ்னேஹா ஸ்பீக்கரைத் திருகினாள். முன் சக்கரங்கள் திரும்பின. பாரம் இறங்கிய வண்டி சோபாக் காலைச் சுற்றி, டைனிங் டேபிளுக்கு அடியில் புகுந்து, சமையலறை வாசலில் நின்று நிஜமான வெங்காயத் தோலை ஏற்றிக்கொண்டது. அவன் வாயைத் திறந்தான். வீணா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

“சும்மா நிக்காதீங்கப்பா. நீங்க லேட்டா பக்கெட் எடுத்துட்டு ஓடி வர்ற அங்கிள்.”

“தினமும் அதானே செய்யறேன்?”

“அதான் உங்களுக்கு ஈஸி. வண்டி போகுது, ஓடி வாங்க!”

ஓடினான்.

மறுநாள் காலை ஸ்னேஹா கீழே போய் மரகதத்திடம் திருகிக் காட்டினாள். மரகதம் கவனமாகப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். தெருமுனை வந்ததும் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு, கூரையைத் தடவி, புனலைப் பிடித்து வலப்பக்கம் திருகியது. வண்டி திரும்பியது.

ஸ்னேஹா கத்திக்கொண்டு குதித்தாள். ஜெயராமன் காலி பக்கெட்டோடு நின்று அந்த முன் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.